மட்டக்களப்பில் முதல் சைக்கிள் வாங்குகிறவருக்கு: கடை பார்ப்பதிலிருந்து கச்சான் காற்றுவரை

2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்று களைத்த காலத்தில்தான் நான் மறுபடி சைக்கிள் வாங்கினேன். பள்ளிக்கூடம் விட்டு இருபது வருடம் கழித்து. வீடு கல்லடியில், வேலை புளியந்தீவில், இடையில் பாலம். அந்த நாட்களில் சைக்கிள் விலை ஏறிக்கொண்டே போனது. இன்னும் ஏறிவிடுமோ என்ற பயத்தில், கடையில் நின்றவற்றுள் கண்ணுக்கு வடிவாய்த் தெரிந்த ஒன்றைக் காசு கொடுத்துக் கொண்டுவந்தேன். மூன்றாம் மாதம் பின் டயர் வெடித்தது. அதற்குப் பொருந்தும் டயர் தேடி ஊறணியிலிருந்து களுவாஞ்சிகுடிவரை கடை கடையாய் ஏறி இறங்கினேன். இரண்டு கிழமை சைக்கிள் திண்ணையில் கிடந்தது.

அதற்குப் பிறகு வீட்டிலோ வேலையிலோ யார் சைக்கிள் வாங்கப் போனாலும் கூடப் போகிறேன். போகும்போது சொல்வதை வரிசையாக இங்கே எழுதுகிறேன். நிறம், பெயர், கியர் எல்லாம் பிறகு பார்க்கலாம். நீங்கள் தினம் போய்வருகிற பாதையில் உதிரிப்பாகம் கிடைக்கிற, திருத்தத் தெரிந்தவர் இருக்கிற சைக்கிளை வாங்குங்கள்.

கடைக்குப் போகும் முன்

ஒரு தாளை எடுத்து, இந்தச் சைக்கிளில் எங்கே போகப்போகிறீர்கள் என்று எழுதுங்கள். நகரிலிருந்து காத்தான்குடி 5, 6 கிலோமீற்றர்தான். ஏறாவூர் சுமார் 15. என்ன சுமை ஏற்றுவீர்கள், பின்னால் பிள்ளை இருக்குமா, இரவில் எங்கே நிறுத்துவீர்கள், சேலையோடு ஓடுவீர்களா என்பதையும் எழுதுங்கள்.

நம்முடைய நிலம் தட்டை. ஏற்றம் என்று சொல்ல இருப்பவை பாலங்கள்தான். எழுவான்கரையில் (வாவிக்குக் கிழக்கே, கடற்கரைப் பக்கம்) தார் வீதியில் போய்வருகிறவருக்குக் கியர் இல்லாத சைக்கிளே போதும். கியர் வேண்டாம் என்றால் பழுதாகும் சாமானும் குறையும். படுவான்கரைப் பக்கம் (வாவிக்கு மேற்கே) கிறவல் வீதியில் வேலை என்றால் கொஞ்சம் அகன்ற டயர் வேண்டும். குதிக்கிற முன் ஃபோர்க் உள்ள மலிவான மவுண்டன் சைக்கிளைக் கடையில் ஆசையாய்க் காட்டுவார்கள். அது பாரம் கூடும், உழக்குகிற பலத்தில் ஒரு பங்கைத் தானே தின்னும், உப்புக்காற்றில் சீக்கிரம் இறுகிப்போகும். நம்மூர் வீதிக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

லேடிஸ் சைக்கிளைப் பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கவேண்டாம். சாரம் உடுத்துகிறவர், முழங்கால் மடக்கக் கஷ்டப்படுகிற வயதானவர், கரியரில் சாமான் கட்டுகிறவர் எல்லாருக்கும் அது வசதி. ஏற இறங்க காலைத் தூக்கிச் சுழற்ற வேண்டியதில்லை. சேலை, சல்வார் உடுத்துகிறவர்கள் செயினை முழுக்க மூடுகிற கவரும், பின் சில்லின் பக்கத்தில் உடுப்பு சிக்காமல் இருக்கும் வலையும் உள்ளதாகப் பார்க்கவேண்டும்.

காசைப் பிரிக்கிற விதம்: கையில் 100 ரூபாய் என்றால் 75ஐச் சைக்கிளுக்கு வைத்து, 25ஐ லொக், லைட், ஹெல்மட், பம்ப் என்று ஒதுக்குங்கள். முழுக் காசையும் சைக்கிளில் போட்டால் லைட் இல்லாமல் இருட்டில் வீடு திரும்ப வேண்டிவரும்.

முதலில் திருத்துகிற கடை

நேரே விற்கிற கடைக்குப் போகாதீர்கள். உங்கள் வீட்டுக்குக் கிட்ட, நடந்து உருட்டிக்கொண்டு போகக்கூடிய தூரத்தில் சைக்கிள் திருத்துகிறவர் யார் என்று முதலில் பாருங்கள். பெயர்ப்பலகை இருக்காது. மரத்தடியில் தகரக் கொட்டில், வாசலில் தொங்கும் பழைய டயர்கள், ஒரு பேசின் தண்ணீர். அந்தப் பேசினைப் பார்த்தால் கடை என்று தெரிந்துகொள்ளலாம்.

காலையில் கூட்டம் இல்லாத நேரம் போய், ஒரு பஞ்சரைக் காட்டிக்கொண்டோ சும்மாவோ பேச்சுக் கொடுங்கள். காத்தான்குடிப் பக்கம் என்றால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். கேட்கவேண்டியது மூன்றே மூன்று. இந்தப் பக்கத்தில் கூட ஓடுகிற சைக்கிள் எது? அதற்கு டயர், டியூப், பிரேக் கட்டை உடனே கிடைக்குமா? எந்தச் சாமானோடு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறீர்கள்?

கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் பெறுமதி. நான் கேட்டபோது ஆரையம்பதிப் பக்கத்து அண்ணன் ஒருவர் கையைச் சாக்கில் துடைத்துவிட்டு, மூலையில் சாய்த்திருந்த ஒரு சைக்கிளைக் காட்டினார். "இந்தா தம்பி, டிஸ்க் பிரேக். கட்டை தேஞ்சி போச்சி. இதுக்கு ஏத்த கட்டை என்னட்டையும் இல்ல, டவுனிலயும் இல்ல. கொழும்பில எடுக்கச் சொல்லி ஒரு மாசம் ஆகிது." டிஸ்க் பிரேக் கெட்டது என்று அவர் சொல்லவில்லை. மழையில் அது நன்றாகவே பிடிக்கும். அதன் கட்டை ஒவ்வொரு தயாரிப்புக்கும் ஒவ்வொரு வடிவம் என்பதுதான் சிக்கல்.

லுமாலா போல உள்நாட்டில் பரவலாய் ஓடுகிற சைக்கிளுக்கும், இந்தியாவிலிருந்து வருகிற ஹீரோ போன்றவற்றுக்கும் உதிரிப்பாகம் தேடுவது சுலபம். பழைய ராலி சைக்கிள் இன்னும் வீடுகளில் ஓடுகிறது என்றால், அதன் கப், போல்ஸ், கிராங் (பெடல் பூட்டுகிற தண்டு) எல்லாம் ஊர்க் கடையில் கிடைப்பதுதான் காரணம்.

டயரின் பக்கத்தில் எழுதியிருப்பதை வாசிக்கப் பழகுங்கள்

என்னை இரண்டு கிழமை அலையவைத்தது இந்த விசயம்தான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அந்த அலைச்சலில் ஒரு கடையில் "26 டயர் இருக்கா?" என்று கேட்டேன், தந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து சில்லில் வைத்தால் கலகல என்று ஆடியது. ரிம்முக்கும் டயருக்கும் நடுவே விரல் போகிற இடைவெளி. என் சில்லும் 26, டயரிலும் 26 என்றே அச்சிட்டிருந்தது. திருத்துகிற அண்ணன் டயரைக் கையில் வாங்கி, பக்கவாட்டுத் தூசைப் பெருவிரலால் தேய்த்து, இலக்கம் தெரியும்படி வெயிலுக்குப் பிடித்தார். "26ஐ பாக்காத. அதுக்குப் பின்னுக்கு என்ன எழுதியிருக்கு எண்டு பார்."

பின்னால் 1⅜ என்று பின்னமாக எழுதியிருந்தது. என் பழைய டயரில் 1.95 என்று தசமமாக. இரண்டும் வேறு அளவு. 26 × 1⅜ டயர் உட்காருகிற ரிம்மின் விட்டம் 590 மில்லிமீற்றர். 26 × 1.95 டயருக்கு 559. வித்தியாசம் 31 மில்லிமீற்றர், மூன்று சென்றிமீற்றருக்கும் மேல். அதேபோல ஊரில் பெரிய சைக்கிள் என்று சொல்கிற 28 × 1½இன் ரிம் 635. பந்தயச் சைக்கிள் போன்றவற்றில் வருகிற 700சி என்பது 622. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், மாற்றிப் போட முடியாது.

நல்ல டயரில் இன்னொரு இலக்கமும் சிறிதாக இருக்கும்: 37-590, 40-635, 50-559 என்று. முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மின் விட்டம், இரண்டும் மில்லிமீற்றரில். இந்த இரண்டாவது எண் பொருந்தினால் டயர் பொருந்தும். கடைக்குப் போகும்போது ஃபோனில் உங்கள் டயரின் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். வாங்கப்போகும் புதுச் சைக்கிளின் டயர் இலக்கத்தையும் எழுதி, திருத்துகிறவரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். அவர் கொட்டிலில் அந்த அளவு தொங்குகிறதா என்று நீங்களே பார்க்கலாம்.

டியூபின் வால்வையும் பாருங்கள். மூன்று விதம் வரும். வால்வுக்கட்டையைக் கழற்றக்கூடிய பழைய விதம், மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற தடித்த விதம், ஒல்லியாய் நீண்ட பந்தயச் சைக்கிள் விதம். முதல் இரண்டுக்கும் ஊரில் எங்கேயும் காற்றடிக்கலாம். மோட்டார் சைக்கிள் விதம் என்றால் பெற்றோல் செட்டிலும் அடிக்கலாம், மெதுவாக அடிக்கச் சொல்லவேண்டும். மூன்றாவதற்கு ஒரு சின்னப் பித்தளை அடாப்டர் இல்லாமல் வீதியில் இறங்கக்கூடாது.

விற்கிற கடையில்

ஒரே நாளில் வாங்க வேண்டாம். இரண்டு, மூன்று கடை பாருங்கள், விலை கேளுங்கள், "நாளைக்கு வாறன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். யாரும் கோபிக்கமாட்டார்கள்.

முதல் பார்க்கவேண்டியது உங்கள் உடம்புக்குப் பொருந்துகிறதா என்பது. பார் உள்ள சைக்கிள் என்றால், இரு காலையும் நிலத்தில் வைத்து பாருக்கு மேலாக நில்லுங்கள். இடையில் 2 முதல் 5 சென்றிமீற்றர் இடைவெளி வேண்டும். பிறகு சீற்றில் ஏறி, ஒரு பெடலைக் கீழே விட்டு, அதில் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். அப்படியென்றால் முன்பாதத்தால் உழக்கும்போது முழங்கால் இலேசாக மடிந்திருக்கும், அதுதான் சரியான உயரம். சீற்றில் இருந்தபடி இரு பாதமும் நிலத்தில் முழுதாய்ப் பட வேண்டும் என்று நினைத்து நம்மவர்கள் சீற்றை நன்றாகத் தாழ்த்திவிடுகிறார்கள். பத்து நாளில் முழங்காலின் முன்பக்கம் நோவெடுக்கும். சீற்றை உயர்த்தும்போது குழாயில் கீறியிருக்கும் எல்லைக் கோடு வெளியே தெரியக்கூடாது. தெரிந்தால் அந்தச் சைக்கிள் உங்களுக்குச் சிறிது.

அடுத்தது சில்லு. பின் சில்லைத் தூக்கிச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே உள்ள வெளியைப் பாருங்கள். அந்த வெளி கூடிக் குறைந்தால் ரிம்மில் கோணல் இருக்கிறது, அங்கேயே எடுத்துத் தரச் சொல்லுங்கள். கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டுங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சத்தம் தரவேண்டும். ஒன்று தொய்ந்து "டப்" என்றால் அதை இறுக்கவேண்டும். ரிம்மைப் பிடித்து இடம் வலமாக ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருக்கக்கூடாது. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் தள்ளினால் ஹாண்டில் அடியில் "டக் டக்" என்று கேட்கக்கூடாது.

ரிம் எதில் செய்தது என்று கேளுங்கள். பளபளக்கும் குரோம் இரும்பு ரிம் காய்ந்த வீதியில் பரவாயில்லை. மாரி மழையில் நனைந்தால் பிரேக் பிடிக்கப் பிந்தும், நன்றாகவே பிந்தும். அலுமினிய ரிம் நனைந்தாலும் ஓரளவு பிடிக்கும், துருவும் ஏறாது. கார்த்திகை, மார்கழியிலும் வேலைக்குப் போகிறவர் இந்த ஒன்றுக்காகக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

பிறகு ஓடிப் பார்க்கக் கேளுங்கள். அடையாள அட்டையையோ கூட வந்தவரையோ கடையில் விட்டுவிட்டு ஒரு சந்திவரை போய்க் கிறுகி வாருங்கள். நேரான இடத்தில் சைக்கிள் ஒரு பக்கம் இழுக்கிறதா, எழுந்து நின்று உழக்கும்போது செயின் சறுக்குகிறதா, பிரேக் பிடிக்கும்போது கத்துகிறதா என்று பாருங்கள். வலது கைப் பிடி எந்தச் சில்லைப் பிடிக்கிறது என்பதையும் அப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

பில்லில் சட்ட (ஃபிரேம்) இலக்கத்தைக் கட்டாயம் எழுதவேண்டும். அது பெரும்பாலும் கிராங்குக்கு அடியில், சைக்கிளைக் கவிழ்த்தால் தெரியும். களவு போனால் பொலிசில் சொல்ல அந்த இலக்கம் ஒன்றுதான் ஆதாரம். தவணையில் எடுப்பவர் எல்லாத் தவணையையும் கூட்டி, கைக்காசு விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

பழைய சைக்கிள் என்றால்

பழையது நல்ல யோசனை, திருத்துகிறவரைக் கூட்டிக்கொண்டு போனால். அவருடைய அரை நாள் கூலியைக் கொடுத்துவிடுங்கள். பெயின்ற் புதிதாக அடித்திருந்தால், குழாய்கள் சேரும் இடங்களை நகத்தால் தடவிப் பாருங்கள். வெடிப்பையும் ஒட்டையும் பெயின்ற் மறைக்கும். சீற்றுக் குழாய் இறுகிப்போய்க் கழற்ற முடியாமல் இருந்தால் வாங்க வேண்டாம்.

செயினை அளக்க ஓர் இரும்பு அடிமட்டம் போதும். செயின் கண்களை இணைக்கும் ஓர் ஊசியின் நடுவில் பூச்சியத்தை வைத்தால், 12 அங்குலத்தில் இன்னோர் ஊசியின் நடு வரவேண்டும். ஒன்றரை மில்லிமீற்றர் தள்ளிப் போயிருந்தால் செயின் மாற்றவேண்டும். மூன்று மில்லிமீற்றர் தள்ளியிருந்தால் பின் பல்லும் தேய்ந்திருக்கும், இரண்டையும் சேர்த்து மாற்றுகிற செலவை விலையில் குறைக்கக் கேளுங்கள்.

விற்பவரிடம் பழைய பில் இல்லையென்றால், சட்ட இலக்கம், அடையாள அட்டை இலக்கம், திகதி போட்டு ஒரு கடிதம் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். அதற்கும் மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கூட வாங்கவேண்டியவை

லைட்டில்தான் முதல் காசைப் போடச் சொல்வேன். நம்முடைய வீதியில் இரவில் மாடு படுத்திருக்கும், கறுத்த மாடு கறுத்த தாரில். முன்னால் வெள்ளை லைட் வீதியைக் காட்டுகிற வெளிச்சத்தோடு இருக்கவேண்டும், மின்மினி போல மினுங்குவது போதாது. பின்னால் சிவப்பு லைட், அதோடு சிவப்புத் தெறிப்பான். சார்ஜ் பண்ணுகிற லைட்டை வீட்டில் மறந்துவிடுகிறவருக்கு டைனமோ நல்லது, உழக்குகிறவரை எரியும். கல்முனை வீதியில் பஸ் பின்னால் வரும்போது அந்தச் சிவப்பு வெளிச்சம்தான் உங்களை அறிவிக்கும்.

ஹெல்மட்டைத் தலையில் போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் நெற்றியில் சமனாக இருக்கவேண்டும், பின்னுக்குச் சரியக்கூடாது. பட்டிகள் காதைச் சுற்றி வி வடிவில் வரவேண்டும். வாரைப் போட்டபின் நாடிக்கு அடியில் ஒன்று, இரண்டு விரல் மட்டும் நுழையலாம். உள்ளே ஈஎன் 1078 என்ற தர இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் சைக்கிள் ஹெல்மட் இந்த வெயிலில் ஒரு கிலோமீற்றர்கூடத் தாங்காது. விழுந்து அடிபட்ட ஹெல்மட்டை வெளியே கீறல் இல்லாவிட்டாலும் மாற்றவேண்டும், உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை நசிந்தால் மறுமுறை காப்பாற்றாது. அதனால்தான் பழைய ஹெல்மட் வாங்கவேண்டாம் என்கிறேன்.

லொக் வாங்கும்போது சில்லை மட்டும் பூட்டுகிறதை நம்பாதீர்கள், சைக்கிளையே தூக்கிப்போவார்கள். சட்டத்தையும் பின் சில்லையும் சேர்த்து ஒரு கம்பத்தோடு கட்டக்கூடிய நீளத்தில் தடித்த சங்கிலி எடுங்கள்.

கைப் பம்ப், ஒட்டுத் துண்டுகள், சொலிசன், டயர் கழற்றும் இரண்டு பிளேட், 15ஆம் நம்பர் சாவி (ஸ்பனர்) ஆகியவற்றை ஒரு சின்னப் பையில் போட்டுச் சீற்றுக்குக் கீழே கட்டுங்கள். சொலிசன் பூசியதும் ஒட்டக்கூடாது. ஈரம் போய் விரலில் பிசுக்கென்று ஒட்டுகிறவரை சில நிமிடம் விட்டு, பிறகு துண்டை வைத்து அழுத்துங்கள். ஒட்டியபின் டயருக்குள் விரலை மெதுவாக ஓட்டி முள்ளைத் தேடி எடுக்க மறக்கவேண்டாம். முள் உள்ளேயே இருந்தால் அடுத்த வளவுக்குப் போகும் முன் மறுகா காற்றுப் போகும். பெடல் மாற்றும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: இடது பெடலின் மரை தலைகீழ், வழக்கத்துக்கு மாறாகச் சுற்றினால்தான் கழறும்.

பெல், மட்காட், தண்ணீர்ப் போத்தல் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கையுறை, பந்தய உடுப்பு எல்லாம் ஆறு மாதம் ஓடியபின் யோசிக்கலாம்.

முதல் மாதம்

புதுச் சைக்கிளில் கம்பிகள் இளகும், பிரேக் கேபிள் நீளும், நட்டுகள் விடும். இரண்டு, மூன்று கிழமையில் வாங்கிய கடைக்கே கொண்டுபோய் எல்லாவற்றையும் இறுக்கித் தரக் கேளுங்கள். சில கடைகள் இதை இலவசமாகச் செய்யும், வாங்கும்போதே கேட்டு வையுங்கள்.

கடற்கரைப் பக்கம் வீடு என்றால் உப்புத்தான் எதிரி. கிழமைக்கு ஒருதரம் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து, வெயிலில் காயவைத்து, செயினில் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு துளி ஒயில் விட்டு, மேலே மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். எஞ்சினில் கழித்த கறுத்த ஒயிலும் தேங்காயெண்ணெயும் வேண்டாம். முதலாவது மணலைப் பிடிக்கும், இரண்டாவது செயினுக்கான எண்ணெய் இல்லை. வெள்ளத்துக்குள் சில்லின் நடு மூழ்க ஓடியிருந்தால் ஹப்பைக் கழற்றிப் புதுக் கிறீஸ் வைக்கவேண்டும்.

காற்று டயரின் பக்கத்தில் எழுதிய பிஎஸ்ஐ (காற்றழுத்த) அளவுக்கு இருக்கவேண்டும். நம்மில் பலர் காற்றுக் குறைந்த டயரில் உழக்கிவிட்டுச் சைக்கிள் பாரம் என்கிறார்கள்.

கச்சான் வீசுகிற மாதங்களில் நேரத்தையும் திசையையும் பார்த்துப் புறப்படுங்கள். காற்று மேற்கிலிருந்து அடிக்கும். வலையிறவுப் பாலத்தால் வவுணதீவுப் பக்கம் போகிறவருக்குப் போகும்போது முகத்தில் அறையும், வரும்போது முதுகில் தள்ளும். போகும் வழியில் களைத்தால் பயப்படாதீர்கள், திரும்பும் பாதை இலகு. வெயில் ஏறும் முன், விடிய 6 மணிக்குக் கிளம்பினால் காற்றும் அடங்கியிருக்கும்.

முதல் மாதக் கடைசி ஞாயிறு, பார் வீதியால் பாலமீன்மடு வெளிச்சவீடுவரை ஒருதரம் ஓடிப் பாருங்கள். தட்டை வீதி, ஒரு பக்கம் வாவி. போகும்போது சைக்கிளில் எங்கே என்ன சத்தம் வருகிறது என்று காதைக் கொடுங்கள்: உழக்கும்போது மட்டும் வருகிறதா, உழக்காமல் உருளும்போதும் வருகிறதா, பிரேக்கில் வருகிறதா. அடுத்த நாள் அதை அப்படியே போய்த் திருத்துகிறவரிடம் சொல்லுங்கள். உழக்கும்போது மட்டும் என்றால் அவர் கிராங்கையும் பெடலையும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார், எப்போதும் என்றால் நேரே ஹப்புக்குப் போவார்.